ஒன்றிலிருந்து மூன்று வரை

மைனஸ் முப்பத்து நான்கு.
சாவியைத் திருப்பினால்
இரண்டு உறுமல், ஒரு முனகல்,
அப்புறம் ஒன்றுமில்லை.
தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஹைலக்ஸ்.
டாஷ்போர்டில் சுருள் விளக்கு மட்டும்
மஞ்சளாக எரிந்து அணைகிறது,
என் வேலை முடிந்தது, மிச்சம் உன் பாடு என்று.

ஏழு மணிக்கு உர்ஹோவுக்கு இன்சுலின்.
பதினெட்டு கிலோமீட்டர்.
சோதன்கூலாவில் அந்நேரத்துக்கு ஓடுவது ஒரே டாக்ஸி,
அதன் டிரைவருக்கு
என் காலை வணக்கம் பழகிப்போய்விட்டது.

பேட்டரிதான் என்றான் ரௌனோ. மாற்றினோம்.
க்ளோ பிளக் என்றான்.
நான்கையும் கழற்றி, துடைத்து,
சோதனை விளக்கின் கம்பியால் தொட்டான்.
இரண்டு உயிரோடு.
ஒன்று இழுத்துக்கொண்டு.
ஒன்று போய் வெகுநாள்.
நான்கும் புதிதாகப் போட்டோம்.
பிறகு ஃபில்டர். உள்ளே டீசல்
ஆறிய நெய்யாகக் கட்டியிருந்தது.
பிறகு மெல்லிய ஆயில்.
ஈதர் ஸ்ப்ரே மட்டும் வாங்கிவிடாதே,
சிவந்த பிளக்கில் பட்டால்
என்ஜினும் மிஞ்சாது, உன் புருவமும் மிஞ்சாது என்றான்.

அவன் கராஜில் அது நல்ல பிள்ளை.
பாதித் திருப்பலிலேயே கிளம்பும்.
என் வாசலில் மறுபடி கல்.

பிளாக் ஹீட்டர்?
மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.
ராத்திரி வயரைச் சொருகுகிறாயா?
சொருகுகிறேன், ரௌனோ.
தினமும், பல் தேய்ப்பதற்கு முன்னால்.
அவன் தலையைச் சொறிந்தான்.
பில்லில் அதற்குக் கட்டணம் இல்லை.

வியாழக்கிழமை நாய்க்கு வயிறு சரியில்லை.
ராத்திரி இரண்டே முக்கால்,
கோட்டுக்குள் இரவு உடையோடு வெளியே நிற்கிறேன்.
நெக்கு வேலி ஓரத்தில் அவதிப்படுகிறது.
மாலையில் பெய்த பனி
கூரையில், வேலியில், குப்பைத் தொட்டியில்
ஒரு சாண்.
ஹைலக்ஸின் மூக்கில் மட்டும்
ஈரம்.

கையுறையைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்.
இருபது வருடம் நெற்றி தொட்ட கை.
முப்பத்தெட்டு இருக்கும் என்றது.

கம்பத்துப் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே டைமர், வெற்றிலை அளவு வட்டம்,
சுற்றிலும் கால் மணிக்கு ஒரு பல்.
ஒன்றிலிருந்து மூன்று வரை
எட்டுப் பல் வெளியே இழுத்திருந்தது.

மூன்று மணிக்கு தைஸ்தோ
பனி வாரும் வண்டியை எடுக்கப் போவான்.
ஆறு குளிர்காலம்.
போர்வைக்குள் எனக்கு அது
கதவுச் சத்தம் மட்டும்தான்.
செப்டம்பரில் கெமிக்குப் போய்விட்டான்.
சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டான், அவன் வாங்கியதுதான்.
இந்தக் கடிகாரம் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

ஆக, நவம்பர் முதல் இந்த மக்குப் பொருள்
ஒவ்வொரு ராத்திரியும்
மூன்று மணிக்கு உடம்பைச் சூடாக்கித் தயாராகி,
யாரும் வராததால்,
நான் வரும் ஆறு மணிக்குள்
விறைத்துப்போயிருக்கிறது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ, ரௌனோவுக்கு.

கோபம் வருமென்று காத்திருந்தேன்.
விரல்தான் மரத்தது.
சாவி முனையால் பற்களை
ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன்,
நான்கிலிருந்து ஆறு வரை வெளியே இழுத்தேன்.
நெக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்து
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை:
சுருள் விளக்கு, ஒரு திருப்பல்,
வெள்ளையாக ஒரு தும்மல்,
பிறகு தடதடவென்று
தெரு முழுக்க என் வண்டி.
உர்ஹோ கடிகாரத்தைப் பார்த்தார்.
சீக்கிரம் வந்துவிட்டாயே,
இன்னும் கஞ்சி கொதிக்கவில்லை என்றார்.

ஒரு பல் மட்டும் உள்ளே போகவில்லை.
இரண்டிலிருந்து இரண்டே கால் வரையிலான பல்.
அழுத்தினால் உடையும் போலிருந்தது.
இப்போதும் தினமும் அந்தக் கால் மணி நேரம்
என்ஜின் எதற்கோ சூடாகிறது.
முப்பத்தொன்பது யூரோவுக்குப் புது டைமர்
இருக்கிறது என்கிறான் ரௌனோ.
மார்ச் வரட்டும், பார்க்கலாம் என்றேன்.