வலிக்கு நாற்பத்தொரு சொல்

குத்தாய்சி ஆஸ்பத்திரி, மூன்றாம் வார்டு,
இரவு ஒன்று நாற்பது.
காலி மருந்துப் பெட்டிகளைக் கத்தரித்துத்
துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதுகிறேன்.
ஆகஸ்டில் தேர்வு. தேறினால் லிவர்பூல்.

வெறும் பெயின் போதாதாம் அங்கே.
எப்படிப்பட்ட பெயின் என்று கேட்பார்களாம்.

த்ராபிங்: விண்விண்ணென்று தெறிப்பது.
எத்தனை முறை எழுதியும் தங்கவில்லை.
ஏழாம் படுக்கை நோதாரின் கட்டைவிரலைக்
கடன் வாங்கிக்கொண்டேன்,
தங்கிவிட்டது.
நாவிங்: கொறிப்பது. ஜுழுனாவின் வயிறு.
டல்: முனை மழுங்கியது. மழைநாளில் என் இடுப்பு.
ஷூட்டிங்குக்கு ஆள் கிடைக்காமல்
இரண்டு நாள் காத்திருந்தேன்.
வியாழன் மாலை, ஒரு காலை இழுத்துக்கொண்டு
லாரி டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார்,
இடுப்பிலிருந்து குதிகால் வரை வெட்டி இழுக்கிறதென்று.
எனக்கு வந்த சந்தோஷத்தைத்
தலையணை உறை மாற்றுவதுபோல் குனிந்து மறைத்தேன்.

கோச்சா போனில் கேட்கிறான்:
இன்றைக்கு எத்தனை வலி?
முப்பத்தெட்டு என்கிறேன்.
சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான்.

பிறகு அந்த நீளமானது.
எக்ஸ்க்ரூஷியேட்டிங்.
பொறுக்கவே முடியாததற்கு,
சொல்லும்போதே மூச்சு வாங்கும் ஒரு சொல்.
தூக்கம் வராத நோதாரிடம் சொல்லிக் காட்டினேன்.
"அது எந்த ஊர் ரயில் நிலையம்?" என்றார்.

மூன்றேகாலுக்கு இரண்டாம் படுக்கை.
அடுத்த ஊசிக்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும்.
டாக்டர் கீழ்மாடியில்.
லமாரா "வைமே" என்றாள்.
பிறகு அதில் பாதி.
பிறகு அதுவும் இல்லை,
என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

என் வாயில் வந்தது அட்டையில் இல்லாதது:
கெனத்ஸ்வாலே.
ரொட்டிக்கடையில் சில்லறை தரும்போதுகூடச் சொல்வார்கள்,
கண்ணே, ராசா என்பதுபோல.
பிரித்துப் பார்த்தால்,
உன் இடத்தில் நான் இருந்துகொள்கிறேன்.
முப்பத்தைந்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
இடம் மாறவில்லை.
அவள் கட்டிலில், நான் ஸ்டூலில்.

விடிந்ததும் அந்த நீள அட்டையைப் புரட்டி
பொருள் எழுதவேண்டிய பக்கத்தில்
நேரத்தை எழுதினேன்:
மூன்றேகால் முதல் மூன்று ஐம்பது வரை.

நாற்பத்தொன்றில் நாற்பது முடிந்தது.
ஸ்டாபிங் அட்டை மட்டும்
ஆளில்லாமல் கிடக்கிறது.
கிடக்கட்டும்.