அரை மில்லிமீட்டர்

ஷியாமென் நகரில் மார்ச் மாதம்
சுவர்களுக்கு வியர்க்கும்.
கடலின் மூடுபனி படியேறி வந்து
நான்காம் மாடிக் கதவில்
ஈரக் கையை வைக்கும்.
என் இழைக்கு ஈரம் ஆகாது.
ஃபுளோரைடு கண்ணாடி;
கோபித்துக்கொண்டு மேலெல்லாம் வெளுத்துவிடும்.
அதனால் ஈரமுறிஞ்சி இரவும் பகலும் உறுமும்.
ஆறு மணிக்கொரு தரம் அதன் வாளியைக்
கழிப்பறையில் கொட்டுவதுதான்
என் ஆராய்ச்சியில் பெரும்பகுதி.
ஆய்வறிக்கையில் அதற்கு இடமில்லை.

பத்து மீட்டர் இழை.
காலையில் நான் மிச்சம் வைத்த சேமியாபோல்
தட்டில் சுருண்டு கிடக்கும்.
நீலத்தை ஊட்டினால்
சிவப்பாகத் திருப்பித் தரும்,
நொடிக்கு ஒரு கோடித் துடிப்பு.
எண்ணியவர் இல்லை;
அலைக்காட்டி சொல்கிறது, நம்புகிறோம்.

இதற்குமுன் ஐந்தாண்டு அகச்சிவப்பில் இருந்தேன்.
காணா ஒளியை அட்டை நீட்டித் தேடுவது,
மின்தடையில் சாவி தேடுவது மாதிரி.
கண்ணுக்குத் தெரிகிற ஒளி வேண்டுமென்றே
இந்தப் பக்கம் வந்தேன்.
வந்த அன்றே சொன்னார்கள்:
கண்ணாடியைப் போட்டுக்கொள்.
பச்சைநீலக் கண்ணாடி.
அதன் வழியே மேசை தெரியும், திருகு தெரியும்,
எதிரில் இருப்பவரின் கொட்டாவி தெரியும்.
சிவப்பு மட்டும் தெரியாது.

தாழ்வாரத்தின் கடைசி அறை தோங் ஹெங்யூவுடையது.
ஹார்பின்காரன்; இந்தப் புழுக்கத்தை
இன்னும் மன்னிக்காதவன்.
திரவமா, படிகமா என்று கேட்டால்
கேட்கிற நேரத்தைப் பொறுத்தது என்பான்.
இரண்டு தகடுகளுக்கு நடுவே
ஒரு தலைமுடித் தடிமனில் பத்து வரி.
கீறியதல்ல, வரைந்ததல்ல;
மூலக்கூறுகள் ஒன்றைவிட ஒன்று
சற்றே அதிகம் கழுத்தைத் திருப்பி நிற்கும்,
அதுதான் வரி.
இடமாகச் சுழலும் ஒளி இந்தப் பக்கம்,
வலமாகச் சுழல்வது அந்தப் பக்கம்.
நான்கு வோல்ட் கொடு,
ஆய்வாளர் நுழைந்த வகுப்பறைபோல்
அத்தனையும் எழுந்து நிற்கும்;
ஒளி நேரே போய்விடும்.
ஒரு தகட்டுக்குப் பதினோரு நாள்.

செவ்வாய்க்கிழமை அதைக் கைக்குட்டையில் சுற்றி வந்தான்.
என் ஒளியின் வழியில் நிறுத்தினோம்.
கேமராத் திரையில் இரண்டு புள்ளிகள்.
அவன் ‘ம்’ என்றான்.
நானும் ‘ம்’.

அப்போது வாளி நிறைந்து
ஈரமுறிஞ்சி கூவியது.
எழுந்தேன்.
முழங்கை இழையைத் தொட்டது,
தொட்டதுகூட இல்லை,
காற்று உரசியது போல.
சீராக நடந்துவந்த துடிப்புகள்
தடுக்கி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
ஒரே அடியாக இறங்கின.
சக்திமானியில் எண் அசையவில்லை.
சராசரிக்கு என்ன தெரியும்?
பத்தாவது வீடு பற்றி எரிந்தாலும்
தெருவில் குளிர்தான் என்று சொல்லும்.

நுண்ணோக்கியில் வைத்தோம்.
கடுகில் பத்தில் ஒரு பங்கு கருப்பு.
அதற்குள் வரி இல்லை.
அதைச் சுற்றி எல்லாரும்
கழுத்தைத் திருப்பியபடியே.

பதினோரு நாள், என்றது என் வாய்.
பிறகு ‘பைன்சே’ என்றேன்.
எங்கள் ஊர்ப் பேச்சு, அவனுக்குத் தெரியாத சொல்.
அவன் குனிந்த தலை நிமிராமல்
உன் ஒளி எவ்வளவு அகலம் என்றான்.
கால் மில்லிமீட்டர்.
தகடு இருபது மில்லிமீட்டர்.
அரை மில்லிமீட்டர் நகர்த்து.

திருகினேன்.
திரையில் மறுபடி இரண்டு புள்ளிகள்.
இன்னும் முப்பத்தெட்டு முறை சுடலாம் நீ,
ஒரே வரிசையில் என்றால், என்றான்.
சிரிக்கிறானா என்று பார்த்தேன்.
கணக்குதான் போட்டிருக்கிறான்.

இரவு ஒன்பதுக்கு
ஆயிரத்தில் ஒரு பங்காக ஒளியைக் குறைத்து
கண்ணாடியைக் கழற்றினோம்.
வாளியை யாரும் கொட்டவில்லை;
உறுமல் எப்போது நின்றதென்றும் தெரியவில்லை.
வியர்த்த சுவரில் இரண்டு சிவப்புகள்,
ஒவ்வொன்றும் ஈரத்தில் லேசாக நடுங்கியபடி.
ஹெங்யூ போய் ஒன்றைத் தொட்டான்.
சூடில்லை, என்றான்.
சுவர் ஈரம், என்றான்.