கொஞ்சம் குத்தும்

ரப்பர் கைக்கு டோரிஸ் என்று பெயர் வைத்தவர்கள்
எங்களுக்கு முன் படித்த கூட்டத்தார்.
தோளோடு முடிந்துபோகும் டோரிஸ்.
சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீர்
அவளுக்குள் ஓடும்.
எத்தனையோ பேர் குத்திய இடத்தில் கசிவு.
டேப் ஒட்டியிருக்கிறது.

கொவென்ட்ரி, ஃபோல்ஸ்ஹில் வீதி,
கம்பளக் கடைக்கு மேல்மாடி.
எட்டுக் கிழமைப் படிப்பு.
வராவிட்டால் மாதக் காசில் வெட்டு.
பஸ் காசுக்குக் கடதாசி கொடுத்தால்
மறுமாதம் வரும்,
வந்தால்.

ஆறு பேர் நாங்கள்.
பத்தொன்பது வருடம் கார்களுக்குக் கதவு பொருத்திய டேரனின் கை
ஊசியைத் தொட்டதும் நடுங்கியது.
ஹோதன் மட்டும்
முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு நரம்பைப் பிடித்தாள்.
"பார்க்காதே, தடவு.
சைக்கிள் டியூப் மாதிரி
அமுங்கித் திரும்ப எழும்பும்."

நீலம், சிவப்பு, மஞ்சள், ஊதா, சாம்பல்.
குழாய் மூடிகளின் ஒழுங்கு.
வெங்காயம் வெட்டும்போது சொன்னேன்.
மாடிப்படிக்கு ஒரு நிறமாகச் சொன்னேன்.
நித்திரையிலும் சொன்னேனாம்:
"அம்மா, ஊதாவை விட்டிட்டீங்கள்" என்றாள் மகள்,
காலையில், பாணுக்கு ஜாம் பூசியபடி.

குத்துமுன் சொல்லவேண்டியதையும்
எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
ஷார்ப் ஸ்க்ராட்ச்.
கூரான கீறல் என்று மாற்றிப் பார்த்தேன்.
கீறலா இது?
பொய்யென்று தெரிந்தே
இந்த நாடு முழுக்கக் கையை நீட்டுகிறது.
வாய் அதைச் சொல்லும்.
உள்ளே நான் சொல்வது:
கொஞ்சம் குத்தும்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்.
இலக்கம் எழுபத்திரண்டு.
திரையை விலக்கி வந்தவர்
மிஸஸ் ப்ரிட்சர்ட்.
வேலை நிலையத்தில் நாலாம் மேசை.
பதினொரு நிமிடம் பிந்தியதற்கு
பங்குனி முழுக்க என் காசை நிறுத்தியவர்.
மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அன்று.
கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.

"பெயர்? பிறந்த திகதி?"
கேட்டது நான்.
இரண்டு வருடம் அவர் என்னைக் கேட்டது.
அதே குரலில் வந்துவிட்டது,
எனக்கே கூச்சம்.
முகக்கவசத்துக்கு மேலே
என்னைத் தெரிந்ததோ என்னவோ.
சட்டையில் குத்தியிருந்த அட்டையில்
பயிற்சி என்று மட்டும்தான் இருந்தது.

குளிர்ந்த கை.
முழங்கை மடிப்பில் மஞ்சளாய்க் கன்றிய வட்டங்கள்,
யார் யாரோ தேடித் தோற்ற இடம்.
எங்களுக்கு விதி இரண்டு தரம்.
மூன்றாவது வேறொருவர்.

ஷார்ப் ஸ்க்ராட்ச்.

நரம்பு நழுவியது.
குழாய் வெறுமையாய் நின்றது.
"மன்னியுங்கள்" என்றேன்.
சுவரில் தொங்கிய கையுறைப் பெட்டியைப் பார்த்தபடியே அவர்
"பரவாயில்லை, மற்றக் கையைப் பாருங்கள்" என்றார்.
சட்டையைத் தானே சுருட்டினார்.

மற்றக் கை.
கண்ணை மூடினேன்.
அமுங்கியது.
எழும்பியது.
மஞ்சள் மூடி, பிறகு ஊதா.
டோரிஸின் சாயத்தைப்போல் இல்லை,
கருத்திருந்தது.
கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது.

அவர் பெயரைக் குழாயில் எழுதினேன்
ஒவ்வோர் எழுத்தாய், அவர் பார்க்க.
அவருடைய கடிதங்களில்
என் பெயரில் எப்போதும் ஒன்று குறையும்.

பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தவர்
"நீங்கள் புதிதா?" என்றார்.
"ஓம், பயிற்சி. வேலை இன்னும் இல்லை."
ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
எழுபத்துமூன்று என்றது ஒலிபெருக்கி.

வியாழன் பத்தரைக்கு
நாலாம் மேசையில் எனக்குச் சந்திப்பு.
பத்துக்கே போய் நிற்பேன்.
கதிரையில் இருந்ததும்
அவர் முகத்தை அல்ல,
முழங்கை மடிப்பைத்தான்
முதலில் பார்ப்பேன் போலிருக்கிறது.