கோபுரம் 214

சூசமிர் கணவாயில் மார்ச் மாதம்.
பனி இன்னும் கோபுரத்தின் கால்களைக் கவ்விக்கொண்டிருக்கிறது.
மின்காப்பு ஏணி என்னைக் கொண்டுபோய்
கம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் நிறுத்துகிறது.
லைனை அணைக்கவில்லை.
அணைத்தால் பிஷ்கெக்கில் பாதிப் பேர் கத்துவார்கள்.

தரைக்கும் கம்பிக்கும் நடுவே
ஏறக்குறைய மூன்று லட்சம் வோல்ட்.
பயிற்சியின் முதல் நாள் நான் கேட்டேன்:
இந்தக் கம்பியில் எவ்வளவு இருக்கிறது?
வகுப்பே சிரித்தது.
கம்பியில் மட்டும் என்றால் ஒன்றுமில்லை.
எதிலிருந்து என்று சொல்லாமல்
உயரம் என்று ஒன்று உண்டா?

கோலை நீட்டுகிறேன்.
நீல நாக்கு ஒன்று சீறி வருகிறது.
கவ்வியை மாட்டியதும் அடங்குகிறது.
இப்போது நானும் மூன்று லட்சம்.
என் மூக்கு, என் காலுறை,
சட்டைப்பையில் கிடக்கும் குருத் உருண்டைகூட
மூன்று லட்சம்.
மேடும் மேடும் ஒன்றானபின்
ஓடிவர எதற்கும் மனசு இல்லை.

கையுறைக்கு அடியில்
அணையிலிருந்து நகரத்துக்கு
ஆயிரம் ஆம்பியர் போய்க்கொண்டிருக்கிறது,
என்னை ஏறெடுத்தும் பாராமல்.
என் இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே
அதைத் தள்ளிவிட ஆளில்லை.

கீழே கயிற்றோடு தாலாய்பெக்.
நவம்பரில் என் குதிரையை இரவல் வாங்கி
நொண்டவிட்டுத் திருப்பித் தந்தவன்.
அன்றிலிருந்து எங்களுக்குள் மூன்றே சொற்கள்:
ஏற்று. இறக்கு. நிறுத்து.
ஒரே கயிற்றின் இரு முனை நாங்கள்.
கடத்தாத கயிறு;
கடத்தாது என்பதற்காகவே வாங்கியது.
வழி இல்லாவிட்டால்
எவ்வளவு வித்தியாசமும் சும்மாதான் நிற்கும்.
நின்றபடியே அழுத்தும்.

உடைந்த இடைச்சட்டத்தை மாற்ற முப்பது நிமிடம்.
இறங்கி, உலோக இழை உடுப்பைக் கழற்றி,
கம்பளிச் சட்டையைத் தலைவழியே இழுத்துப் போட்டு
வேனுக்கு நடந்தேன்.
காற்றில் துளி ஈரமில்லை.
பேசாமல் தகரக் குவளையை நீட்டினான்.
வாங்கப் போன விரல் நுனியில்
சுரீர்!
இருவரும் கையை உதற
பாதித் தேநீர் பனியில்.

"அட நாயே" என்றான்.
நான்கு மாதத்தில் நான்காவது சொல்.

"சில ஆயிரம் வோல்ட் இருக்கும்" என்றேன்.
"யாரிடம்? உன்னிடமா, என்னிடமா?"
"நடுவில்."

விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தான்.
ஃபிளாஸ்கைத் திறந்து
குறைந்ததை ஊற்றினான்.
குதிரையின் கால் எப்படி என்று
இன்னும் கேட்கவில்லை.
வாயைத் திறந்தான்,
மூடிக்கொண்டான்.