அறை என்ன விலை

புக்கரெஸ்டில் இருந்து பிறேமினி கதைக்கிறாள்:
"ஆரும் கணக்கில எடுக்காத தலைநகரம் இது.
மெட்ரோவுக்குச் சில்லறை போதும்.
ஞாயிறு முழுக்கப் பூங்காப் புல்லில கிடக்கலாம்,
ஒருத்தரும் ஐசி கேக்கிறதில்லை.
பேக்கரி பூட்டேக்க
மிச்சப் பாணும் எனக்குத்தான்."

நான் வெள்ளவத்தையில்,
மூன்றாம் மாடி, அரை ஜன்னல்.
மற்றப் பாதி பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டி.
உப்புக்காற்று மின்விசிறியைத் தின்று முடித்து
இப்போது சாவிக்கொத்தில் இறங்கியிருக்கிறது.
கரண்ட் பில்லைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
கீழ்க்கடை நளீர்
பாதித் தேங்காயும் விற்பார், கடனுக்கும்.

"அங்க இப்ப அறை என்ன விலை?"

வாயெடுத்தேன்.
பாணந்துறை ரெயின் வந்தது,
கதவில் தொங்கியவர்களின் சட்டைகள்
கடற்காற்றில் உப்பி.
ஒரு நிமிடம்
இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அது போனபிறகு சொன்னாள்:
"ஆறு பதினேழு. இண்டைக்கும் பிந்தீற்றுது."

வாடகையில்
ஐயாயிரத்தைக் குறைத்துச் சொன்னேன்.
தண்ணீர்ப் பில்லைப் பற்றி
வாயே திறக்கவில்லை.