கம்பெனி: மற்றவை

"வண்டி என்ன வண்டி?"
"ஸ்டாண்டர்டு."
"எல்லாரும் அதைத்தான்யா சொல்றீங்க. பேரு என்ன?"
"அதாம்மா பேரு."

ஆர்.டி.ஓ. ஆபீஸ், மூன்றாம் ஜன்னல்.
உள்ளே தில்லைக்கரசி மேடம்.
வெளியே நான், ஏஜெண்ட்.
என் தோளுக்குப் பின்னால் காஜிமார் தெரு அப்துல் ஜலீல்,
வாப்பா வாங்கிய அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்டைத்
தன் பேருக்கு மாற்ற வந்தவர்.

சர்வர் படுத்துவிட்டது.
ரெண்டு டீ சொன்னேன்.
பாய் ஆரம்பித்துவிட்டார்.

கவென்ட்ரி என்று ஓர் ஊர்.
அங்கே தரம் என்று நினைத்துத்தான் வைத்தார்களாம் ஸ்டாண்டர்டு என்று.
அதே சொல்லுக்குக் கொடி என்றும் ஓர் அர்த்தம்;
பின்னால் பிறந்த பிள்ளைகளில் சிலது
அந்தப் பக்கமாகப் போய்விட்டது.
வான்கார்டு, படைக்கு முன்னே நடக்கிறவன்.
என்சைன், கப்பலில் கட்டுகிற கொடி.
பென்னன்ட், நுனி கூம்பிய குட்டிக் கொடி.
அப்புறம் ஹெரால்டு,
ராஜா வருமுன் பராக் சொல்லுகிற கட்டியக்காரன்.
(முதலாளி வைத்திருந்த படகின் பேர் அது
என்றும் ஒரு பேச்சு.)

சித்திரையில் மாசி வீதி மாதிரியல்லவா இருக்கிறது,
ராஜா எங்கே பாய்? என்றேன்.
எனக்குத் தெரிந்து
அப்படி ஒரு மாடல் வரவே இல்லை, என்றார்.

எங்கள் யானைக்கல் ஒர்க்‌ஷாப்பில்
ஹெரால்டு என்று எவனுக்கும் வாய் வளையாது.
எரால்டு என்பான் மேஸ்திரி,
எறால் என்பான் பையன்.
மீன்கொடி பறந்த ஊரில்
எறால் வண்டி.

சீமையில் அந்தச் சொல்லே இறங்கிப்போனதாம்.
விலை கூடினது டீலக்ஸ், குறைந்தது ஸ்டாண்டர்டு
என்று ஊரெல்லாம் எழுத எழுத
கம்பெனிக்கே வெட்கம் வந்து
சொந்தப் பேரைக் கழற்றிவைத்துவிட்டு
கூட இருந்த டிரையம்ப் பேரில் பிழைத்தது.

இங்கே அப்படியா?
அவுக ஸ்டாண்டர்டே வேற, என்று சொல்லித்தான்
என் தங்கையை வேண்டாம் என்றார்கள்
திருமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார்.
நான் எட்டாம் ஸ்டாண்டர்டு பெயில்.
ஒரே சொல், எங்கள் வீட்டில் இரண்டு அடி.

மெட்ராஸில் கழற்றவில்லை.
ஹெரால்டுக்குப் பின்னால் கெஸல் வந்தது.
மான் என்று அர்த்தம்,
வேறொரு கம்பெனி முன்பே பிடித்துவைத்த மான்,
அதனாலோ என்னவோ
இங்கிலீஷில் கடைசி ரெண்டு எழுத்தை வெட்டித்தான் விட்டார்கள்.
வாலில்லாத மான் கொஞ்ச காலம் ஓடியது.

கடைசிப் பேர்
ஒரு பேரே இல்லை, நம்பர்.
ஸ்டாண்டர்டு இரண்டாயிரம்.
உடம்பு புதுசு, சீமையில் தைத்த சட்டை;
உள்ளே பழைய வான்கார்டின் என்ஜின்.
இரண்டாயிரத்துக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்போதே
நின்றுவிட்டது.

சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.
ஈ வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்றார் மேடம்.
கம்பெனிகள் வரிசையாக இறங்கின.
எஸ்ஸில் தேடினார்.
ஸ்கோடா இருந்தது, சுஸுகி இருந்தது.
இன்னொரு தரம் தேடினார், மெதுவாக.
பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமலே
கடைசி வரியைத் தட்டினார்:
மற்றவை.

பாய் ரசீதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார்.
மடித்துப் பையில் வைத்தார்.
"பரவாயில்லை, அதிலே நிறையப் பேர் இருப்பாங்க."

வாசலில் ஒரு ஜீப்
முன்னும் பின்னுமாக மூன்று தரம் முட்டிக்கொண்டிருந்தது.
எறால் ஒரே வெட்டில்,
வேப்பமரத்தை உரசாமல்,
அநேகமாக நின்ற இடத்திலேயே திரும்பியது.

கமிஷனில் நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏன் என்றார்.
சும்மா வைங்க பாய்,
இன்னைக்கு நம்ம ஸ்டாண்டர்டு
அப்படி.