இடைவேளை, பதினைந்து நிமிடம்

அவள் பெயர் இங்கா.
"இங்கா எங்க?" "அங்க."
அதைச் சொல்லிச் சொல்லியே
மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு மாசம் சிரித்தோம்.
காரணம் கேட்டாள், விளக்கினேன்.
மறுநாள் வருகைப்பதிவில்
கடைசியாகத் தன் பெயரைத் தானே கூப்பிட்டு
கையைத் தூக்கினாள்.

நார்வே நாட்டுக்கு எண்பத்தேழு ஆட்டம்,
இருபத்தொரு கோல்,
இடது முழங்காலில் இரண்டு தையல் கோடு.
அப்புறம் பயிற்சியாளர். மூன்று கிளப்:
ஒன்றைக் கோப்பைவரை கூட்டிப்போனாள்,
ஒன்று மின்னஞ்சலில் வேலையை விட்டு அனுப்பியது,
ஒன்றைப் பற்றிக் கேட்டால் குனிந்து ஷூ லேஸ் கட்டுவாள்.
நாலாவது நாங்கள்.
எட்டு மாத ஒப்பந்தம்,
மருந்துக்கடை மாடியில் ஓர் அறை,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.

நான் பழைய ரைட் பேக்.
காலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கால் சென்டரில்
இரண்டு வருஷம் வெள்ளைக்காரர்களிடம் திட்டு வாங்கி
கற்ற இங்கிலீஷ் கைவசம் இருந்தது.
ஆட்டத்துக்கு நானூறு ரூபாய்.
அவள் ஒரு வரி சொன்னால் நான் பத்து வரி சொல்வேன்.
"அவர்களுடைய இடது பக்கம் காலி" என்பாள்.
"ஏ லூர்து, வெள்ளிக்கிழமை மீன்கடை மாதிரி
காலியாக் கெடக்குடி அந்தப் பக்கம்,
உள்ள போக உனக்குப் பத்திரிகை வெக்கணுமா?"
லூர்து ஓடுவாள்.
இங்கா என்னைப் பார்ப்பாள்:
தமிழ் இவ்வளவு நீளமா?
ஆமாம் மேடம், ரொம்ப நீளம்.

முதுநகர்ச் சாலையில் ஒருமுறை
ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.
கருவாட்டு நெடி. கண்ணை மூடி இழுத்தாள்.
அவள் அப்பா காட் மீனை மரச்சட்டத்தில் தொங்கவிடுவாராம்,
மூன்று மாசம், பனிக்காற்றில், உப்பே போடாமல்.
"உப்பே போடாமலா?" என்றார் டிரைவர்.
அந்த நாட்டின்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

அன்றுதான் பெனால்ட்டியைப் பற்றியும் சொன்னாள்.
ஏதோ ஓர் அரையிறுதி, இருபத்து நாலு வயசு,
கம்பத்துக்கு மேலே போன பந்து.
"இன்னும் கீழே இறங்கவில்லை."
யாரிடமும் சொல்லாதே என்றாள்.
அன்றிரவே வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போட்டேன்.

எங்கள் அரையிறுதி, சேலத்துக்காரிகளோடு.
இடைவேளையில் பூஜ்யத்துக்கு இரண்டு.
ஆரஞ்சுத் துண்டை யாரும் தொடவில்லை.
இங்கா மெதுவாகச் சொன்னாள்:
பின்னால் மூன்று பேரை மட்டும் நிறுத்தியது நான்.
பிழை என்னுடையது. அதைச் சொல்.

பன்னிரண்டு வருஷம் ஆடியிருக்கிறேன்.
ஐந்து கோச்.
விசில் கயிற்றால் அடித்தவர்,
வயிற்றுவலி என்றால் இன்னும் ரெண்டு ரவுண்டு என்றவர்,
தோற்ற அன்று பஸ்ஸில் சாப்பாட்டை நிறுத்தியவர்.
ஒருவர் வாயிலும் அந்த வாக்கியம் வந்து கேட்டதில்லை.
கேட்டே இராததை எப்படி மொழிபெயர்க்க?
பழையதுதான் வந்தது:
"வெக்கமா இல்ல? ஊரே பாக்குது, சோறுதான திங்கறீங்க..."

"இல்ல," என்றாள் இங்கா.
தமிழில்.
நெஞ்சில் விரல் வைத்து,
"தப்பு. என் தப்பு."

என்னிடமிருந்து பொறுக்கிய சொல் அது.
ஒரு நாளைக்கு நூறு தடவை
அவர்கள்மேல் நான் வீசுவது.

பெண்கள் ஆரஞ்சை எடுத்தார்கள்.

இரண்டு கோலும் வந்தது, ஒன்று லூர்துவின் தலையால்.
பிறகு பெனால்ட்டி.
கடைசி உதை ஜெனோவாவுடையது.
கம்பத்துக்கு மேலே, சுவருக்கும் மேலே,
கெடிலத்துப் பக்கம் போயிற்று.
புல்லில் முகம் புதைத்துக் கிடந்தாள்.
இங்கா காலை இழுத்து இழுத்து நடந்துபோய்
பக்கத்தில் நின்று, எதுவும் பேசாமல்,
நெற்றியில் கை குவித்து வானத்தைத் தேடினாள்.
ரொம்ப நேரம்.
ஜெனோவா எழுந்து தானும் பார்த்தாள்.
மூக்கைச் சிந்திவிட்டு,
"இப்ப ரெண்டு பந்தா மேடம்?"

அதை மட்டும்
ஓர் எழுத்துக்கூடச் சேர்க்காமல் இங்கிலீஷில் சொன்னேன்.

போகும்போது நானூறை எண்ணிக் கொடுத்தாள்.
பாதி ஆட்டத்துக்குத்தான் வேலை செய்தேன் என்று
இருநூறைத் திருப்பித் தந்திருக்கலாம்.
தரவில்லை.
அந்த வாரம் சிலிண்டர் வர வேண்டியிருந்தது.